ஆச்சியிடம் சொல்லாத மார்க்

நவம்பர் கடைசியில் ஒரு மாலை, சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. தனியார் பள்ளியில் சேர மகள் எழுதிய எஸ்எஸ்ஏடி நுழைவுத் தேர்வின் மதிப்பெண் தயாராம். கையைத் துடைத்துவிட்டுத் திறந்தேன். கணக்கு 82. வாசிப்பு 61. சொல்லறிவைச் சோதிக்கும் வெர்பல் 38. மொத்தம் 62.

திருநெல்வேலியில் பத்தாம் வகுப்பு எழுதியவளுக்கு 38 என்றால் என்ன தோன்றும்? பாஸ் மார்க்குக்கு மேலே மூன்று. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதே மறந்துபோய், அன்று பருப்பு குழைந்துவிட்டது.

நாங்கள் இருப்பது பாஸ்டனுக்கு மேற்கே, ஃப்ரேமிங்ஹாம் பக்கம். மகள் அப்போது எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் பள்ளி பார்க்கலாம் என்று இறங்கினோம். "சும்மா கிடைக்கிற அரசுப் பள்ளியை விட்டுட்டு எதுக்கு இது?" என்று கேட்காத தமிழ்க் குடும்பம் இங்கே இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் என் மகள் பெரிய வகுப்பில் வாயே திறக்காதவள். பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் வகுப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருந்தாள். கட்டணம் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல். உதவித்தொகை கிடைத்தால்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். அந்த விண்ணப்பம் தனிக் கதை, இங்கே வேண்டாம்.

அன்று ராத்திரி அந்த மதிப்பெண் அறிக்கையை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் விஷயம் புரிந்தது. இந்தத் தேர்வில் ஒவ்வொரு பிரிவுக்கும் 500 முதல் 800 வரை ஒரு மதிப்பெண் தருகிறார்கள். நான் பார்த்துப் பதறிய 38 அது இல்லை, பெர்சன்டைல். அதாவது, கடந்த மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே வகுப்பில் முதல் முறையாக இந்தத் தேர்வை எழுதிய பிள்ளைகளோடு வைத்துப் பார்க்கும்போது இவள் நூற்றில் எத்தனை பேருக்கு மேலே நிற்கிறாள் என்பது. அவர்கள் யார்? தனியார் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறவர்கள். பாதிப் பேராவது டியூஷன் வைத்துத் தயாராகியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. தெருப்பிள்ளைகளோடு ஓடுவது வேறு, மாவட்ட அணித் தேர்வுக்கு வந்தவர்களோடு ஓடுவது வேறு. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் எழுதும் மேப் தேர்வில் இதே பெண்ணின் பெர்சன்டைல் எப்போதும் 90-க்கு மேல்தான்.

இவ்வளவும் புரிந்த பிறகும் அம்மாவிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. "ஆச்சி கேட்டா இன்னும் ரிசல்ட் வரலைன்னு சொல்லு" என்று மகளிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவளை அதிகம் வருத்தியது அந்த 38 இல்லை, அதை நான் மறைக்கச் சொன்னதுதான்.

அடுத்த தப்பும் நான்தான் செய்தேன். அறிக்கையில் சரி, தவறு, விட்டது என்று எண்ணிக்கை இருக்கும். வெர்பலில் 60 கேள்வி: சரி 30, தவறு 30, விட்டது பூஜ்யம். இந்தத் தேர்வில் தவறான விடைக்குக் கால் மார்க் கழியும். "தெரியாததை விட்டுத் தொலைச்சிருக்கலாமே" என்று கத்திவிட்டேன். என் கணவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடை. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கேள்விக்குக் குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், நான்கு தப்பும். கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று. நஷ்டமே இல்லை. ஒரு விடையையாவது தப்பு என்று ஒதுக்க முடிந்தால் குறிப்பதுதான் லாபம். ஆக, கால் மார்க்கின் மேல் பழி போட முடியவில்லை.

அப்புறம் அவளையே உட்காரவைத்துக் கேட்டோம், கத்தாமல். வெர்பல் பிரிவுக்கு 30 நிமிடம். கேள்விக்கு அரை நிமிடம். முதல் 30 கேள்வி ஒரே பொருள் தரும் சொல்லைக் கண்டுபிடிப்பது. அடுத்த 30, தச்சனுக்கு உளி என்றால் தையல்காரருக்கு எது என்கிற ஜாதி. இவள் தெரியாத சொற்களை முறைத்துப் பார்த்தே இருபது நிமிடத்தைக் கரைத்திருக்கிறாள். கடைசிப் பதினைந்து கேள்வியைப் படிக்கவே இல்லை; எல்லாவற்றுக்கும் ‘சி’ என்று வட்டத்தை நிரப்பிவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு நன்றாக வருவது அந்த இரண்டாவது வகைதான்!

மருந்து எளிது: 31-வது கேள்வியில் ஆரம்பி, முடித்துவிட்டு முதலுக்கு வா. ஒரே பிரிவுக்குள் முன்னே பின்னே போகத் தடையில்லை. விடைத்தாளில் வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆயிரம் சொல் பட்டியல் எதையும் மனப்பாடம் செய்யவைக்கவில்லை. வேர்ச்சொல் பத்துப் பதினைந்தை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். ‘பெனி’ என்றால் நல்லது என்று தெரிந்தால் பெனிஃபிட்டும் பெனிவலென்ட்டும் சொந்தக்காரர்கள் ஆகிவிடும் அல்லவா, அந்த வழி.

ஜனவரி தொடக்கத்தில் மறுபடி எழுதினாள். வெர்பல் 54. வாசிப்பு 57-க்கு இறங்கிவிட்டது. மொத்தம் 65. அவ்வளவுதான். மூன்றாம் முறையா என்று நான் வாயெடுப்பதற்குள், "அம்மா, போதும்" என்றாள்.

நான்கு பள்ளிகள். ஒன்றில் மட்டும் மதிப்பெண் அனுப்புவது நம் விருப்பம். அங்கே சேர்ந்தவர்களின் சராசரி 80-களில் என்று அவர்களே போட்டிருந்ததால் அனுப்பவில்லை. மற்ற மூன்றுக்கும் இரண்டாவது தேதியின் மதிப்பெண்ணை அனுப்பினோம். ஒரு பள்ளியின் சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பதில்லை, வகுப்பு கிரேடும் ஆசிரியர் கடிதமும் சொல்வதோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம் என்றார் அந்த அம்மா. எல்லாப் பள்ளியும் இப்படித்தான் சொல்லும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று ஒழுங்காகத் தூங்கினேன்.

இந்தத் தேர்வில் 25 நிமிடக் கட்டுரை ஒன்றும் உண்டு. அதற்கு மார்க் கிடையாது, கையெழுத்து, அடித்தல் திருத்தலோடு அப்படியே பள்ளிக்குப் போகும். நமக்கு நகல் வேண்டுமென்றால் தனியாகக் காசு. நான் வாங்கினேன், வாங்கியிருக்கக் கூடாது. பக்கத்தில் பாதி அடித்து எழுதியது, கடைசிப் பத்தி பாதியில் நிற்கிறது. அதை மகளிடம் காட்டாமல் மடித்து வைத்துவிட்டேன். நேர்காணலிலோ, அப்பாவோடு கராஜில் பழைய சைக்கிள்களைச் சரிசெய்வதைப் பற்றி 40 நிமிடம் பேசியிருக்கிறாள். வாயே திறக்காத பெண்!

இந்தப் பகுதிப் பள்ளிகள் பலவும் மார்ச் 10 அன்று முடிவு சொல்கின்றன. ஒன்றில் இடம், உதவித்தொகையோடு. ஒன்றில் காத்திருப்போர் பட்டியல். இரண்டில் இல்லை. அந்த இரண்டில் ஒன்று, நாங்கள் மதிப்பெண்ணே அனுப்பாத பள்ளி. இடம் கொடுத்ததோ 65-ஐப் பார்த்த பள்ளி. இதில் என்ன கணக்கு என்று என் கணவராலும் காகிதத்தில் போட முடியவில்லை.

அன்றே அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், நவம்பரில் மறைத்ததையும் சேர்த்து. "38-ஆ? நீ பத்தாம் வகுப்பு அரைப்பரீட்சையில கணக்குல 31 வாங்கினியே, நான் யாருகிட்டயாவது மறைச்சேனா?" என்றாள். மகள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மே மாதம் புதுப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம். எந்தக் கணக்கு வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்க ஒரு பிளேஸ்மென்ட் டெஸ்ட் எழுத வேண்டுமாம். மகள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, தப்புக்குக் கால் மார்க் கழியுமா என்று மட்டும் கேட்டாள்.