எட்டாயிரத்து சொச்சம் கரண்ட் பில்லும் எங்க மூணாங்கட்டு மோட்டாரும்

காரைக்குடி பக்கம் பள்ளத்தூர்ல எங்க பாட்டையா கட்டுன வீடு. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அரமண, உள்ள இருக்குறது நான், என் மனைவி, அப்பத்தா மூணே பேரு. மத்த பங்காளிங்க எல்லாம் சென்னை, கோயமுத்தூர், சிங்கப்பூர்னு கெடக்குறாங்க, மொத்தம் ஆறு புள்ளி, அதாவது ஆறு குடும்பம், வீட்டு செலவு எல்லாம் ஆறா பிரிச்சு கணக்கு போடுவோம், கரண்ட் பில்லும் அதுல சேத்தி. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை நான் கட்டிட்டு குரூப்ல போட்டோ போடுவேன், யாரும் பெருசா பாக்க மாட்டாங்க, ஏன்னா வழக்கமா 380 யூனிட் கிட்ட, ஆயிரத்து சொச்சம்தான் வரும்.

2025 மார்ச்ல ரீடிங் எடுக்க வந்தவரு அட்டைல எழுதிட்டு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. "என்னண்ணே, வீட்ட லாட்ஜா மாத்திட்டீங்களா" ன்னு கேட்டாரு. 1140 யூனிட். பில்லு எட்டாயிரத்து அறுநூறு சொச்சம்.

யூனிட் மூணு மடங்குதான, பணம் எப்படி எட்டு மடங்கு ஆச்சுன்னு மொதல்ல எனக்கு புரியல. அப்பறம் உக்காந்து பாத்தாதான் தெரியுது. அப்பத்த ரேட்டுப்படி 500 யூனிட்டுக்குள்ள இருந்தா மொத நூறு ஃப்ரீ, அடுத்த நூறு ரெண்டே கால் ரெண்டரை ரூவா கணக்குல போயிரும். 500ஐ தாண்டிட்டா அந்த நூறும் ரேட்டு மாறி கிட்டத்தட்ட டபுள் ஆயிரும், மேல போகப்போக ஒவ்வொரு படிக்கும் ரேட்டு ஏறும், 1000 தாண்டுன யூனிட் ஒவ்வொண்ணும் 11 ரூவாய்க்கு மேல. அதாவது வழக்கத்துக்கு மேல ஓடுன யூனிட் எல்லாம் ஒசந்த ரேட்டுலதான் போயி விழுது.

போட்டோ போட்ட அஞ்சு நிமிஷத்துல குரூப் பத்திக்கிச்சு. தை மாசம் பெரியப்பச்சிக்கு (பெரியப்பாவுக்கு) சாந்தி, அதாவது வயசு நெறவு விழா நடந்துச்சு, எல்லாரும் வந்து தங்குனாங்க, அதுக்குன்னு கோயமுத்தூர் தம்பி அவங்க அறைல ஏசி மாட்டுனான். இது போதாதா. "ஏசி யாரு போட்டாங்களோ அவங்க கட்டட்டும்" னு ஒருத்தர், "நாங்க தங்குனது மூணு நாள்" னு இன்னொருத்தர், சிங்கப்பூர் ஆச்சி மட்டும் "மீட்டர் தப்பா ஓடுதோ என்னவோ பாருப்பா" ன்னாங்க. ஏசி ஒரு டன்னு, ஓடுனது மொத்தமே பத்து நாள், எப்படி போட்டாலும் 60 யூனிட்ட தாண்டாது. பந்தல் லைட்டு, சீரியல் செட்டு எல்லாம் ஜெனரேட்டர்ல ஓடுச்சு. அப்ப மிச்சம் எங்க போச்சு?

எனக்கு சந்தேகம் பழைய வயரிங் மேல. பட்டாலைலயும் (முன்கூடம்) வளவுலயும் (முற்றத்த சுத்துன பகுதி) இன்னும் மரப்பட்டில அடிச்ச அந்தக்கால வயரு கொஞ்சம் இருக்கு, மழைக்கு முற்றத்து ஓரம் சுவரு ஊறி கெடக்கும், அது வழியா கரண்ட் பூமிக்கு ஓடுதோன்னு பயம். தெரிஞ்ச எலெக்ட்ரீசியன் தம்பி ஒருத்தன் போன்லயே ஒரு வழி சொன்னான், இது எல்லாரும் வீட்ல செய்யலாம். மீட்டர்ல ஒரு சின்ன செவப்பு லைட்டு மினுக்கிட்டே இருக்கும், பக்கத்துலயே ஒரு நம்பர் போட்டிருக்கும், எங்க மீட்டர்ல 3200. அப்படின்னா 3200 தடவ மினுக்குனா ஒரு யூனிட். ஒரு நிமிஷத்துக்கு எத்தன தடவ மினுக்குதுன்னு எண்ணி, 60ஆல பெருக்கி 3200ஆல வகுத்தா இப்ப எத்தன கிலோவாட் ஓடுதுன்னு வந்துரும்.

மொதல்ல வீட்டு மெயின ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் நின்னு பாத்தேன், ஒரு தடவ கூட மினுக்கல. சரி மீட்டர் சும்மா ஓடல. (மீட்டர் மேலயே சந்தேகம்னா கட்டணம் கட்டி டெஸ்ட் பண்ண எழுதிக் குடுக்கலாம், எனக்கு அது தேவைப்படல.) அப்பறம் மெயின ஆன் பண்ணி, ஃபிரிட்ஜ் ப்ளக்க புடுங்கி, எல்லா சுவிட்சயும் ஆஃப் பண்ணேன். இந்த வீட்ல எல்லா சுவிட்சயும் ஆஃப் பண்றதுக்கே முக்கா மணி நேரம் ஆகும், சாவி தேடவே பாதி நேரம். பாத்தா நிமிஷத்துக்கு 4 மினுக்கல், கணக்குப்படி 75 வாட். புடிச்சிட்டேன்டான்னு ஒவ்வொரு எம்சிபியா (போர்டுல அந்தந்த பகுதிக்கு கரண்ட நிறுத்துற சுவிட்ச்) எறக்குனா அது இன்வெர்ட்டர். பேட்டரி வயசாகி எப்பவும் சார்ஜ் ஏறிட்டே கெடக்கு. ரெண்டு மாசத்துக்கு 108 யூனிட் அதுவே குடிக்குது, ஆனா அது ரெண்டு வருஷமா இருக்குற வியாதி, புதுசா வந்தது இல்ல. மீட்டர்ல இருக்குற எர்த் லைட்டும் எரியல, அதாவது கரண்ட் சுவத்து வழியா ஓடல. வயரிங் தப்பிச்சுது. ஹீட்டரும் இல்ல, அப்பத்தா வெந்நி வெறகு அடுப்புலதான் போடும்.

இங்கதான் ஒரு வாரம் வீணாக்குனேன், ஏன்னா நான் பாத்தது எல்லாம் பகல்ல, எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வச்சு. தானா ஓடுற பொருள் அந்த நேரம் ஓடலன்னா மாட்டாதுல்ல. அப்பறம் ராத்திரி 10 மணிக்கு மீட்டர போட்டோ எடுத்தேன், காலைல 6 மணிக்கு ஒண்ணு. 6.6 யூனிட் ஏறியிருக்கு! ராத்திரி ஓடுறது ஒரு ஃபிரிட்ஜ், ரெண்டு ஃபேன், இந்த இன்வெர்ட்டர். அடுத்த நாள் ராத்திரி மூணாங்கட்டு (வீட்டோட பின்பகுதி) எம்சிபிய எறக்கிட்டு படுத்தேன். 1.8 யூனிட். மூணாங்கட்டுல என்ன இருக்கு? போர் மோட்டார், ஒண்ணரை ஹெச்பி.

சாந்திக்கு நூறு பேருக்கு மேல வருவாங்க, யாரு மோட்டார் போட்டு யாரு நிறுத்துறதுன்னு டேங்க்ல ஃப்ளோட் வச்சு ஆட்டோமேட்டிக் ஆக்குனோம். தண்ணி கொறைஞ்சா தானா போடும், நெறைஞ்சா தானா நிக்கும். சரி எங்கயோ பைப் ஒழுகுதுன்னு டார்ச் எடுத்துக்கிட்டு வீட்ட சுத்தி வந்தேன், ஒரு எடம் ஈரம் இல்ல. பாத்ரூம் ஃப்ளஷ், தோட்டத்து குழாய், எல்லாம் காஞ்சு கெடக்கு. மாடிக்கு போயி டேங்க் மூடிய தொறந்து வச்சு உக்காந்தேன், வீட்ல ஒரு குழாய் தொறக்கல, ஆனா கண்ணு முன்னாடி தண்ணி எறங்குது. அரை மணி நேரத்துல ஃப்ளோட் தொங்கிருச்சு, கீழ டக்குனு ஸ்டார்ட்டர் சத்தம், மோட்டார் ஓடுது. இருபது நிமிஷத்துல நெறைஞ்சு நின்னுச்சு. நின்ன ஒடனே கீழ எறங்கி ஓடிப்போயி போர் பைப்புல காத வச்சா உள்ள கொடகொடன்னு சத்தம்.

தண்ணி வேற எங்கயும் போகல. வந்த வழியாவே போருக்குள்ள திரும்பி போயிட்டு இருந்துச்சு! ராத்திரி பகலா மேல ஏத்துறது, கீழ எறக்குறது, மறுபடி ஏத்துறது. ஒரு நாளைக்கு ஒம்போது பத்து மணி நேரம் மோட்டார் ஓடியிருக்கு, 14 யூனிட் கிட்ட. ஐம்பது நாளுக்கு எழுநூறு.

ப்ளம்பர கூப்புட்டு காமிச்சேன். மோட்டார் தலைல தண்ணி திரும்பாம இருக்க என்ஆர்வி வால்வு ஒண்ணு இருக்கும், மணல் அரிச்சு அது என்னைக்கோ போயிருக்கு. ஆனா முன்னாடி டெலிவரி பைப்பு டேங்குக்கு மேல இருந்து கொட்டும், அதனால வால்வு கெட்டாலும் டேங்க் தண்ணி எறங்க வழி இல்ல. சாந்திக்கு பின்பக்கம் புதுசா பாத்ரூம் லைன் இழுத்தப்ப டெலிவரியையும் வீட்டுக்கு எறங்குற பைப்பையும் ஒண்ணா சேத்து டேங்க் அடில விட்டுட்டாங்க. அடில விட்டா டேங்க் மொத்தமும் கெட்டுப்போன வால்வு மேல நிக்குது. கையில மோட்டார் போட்ட காலமா இருந்தா "என்னடா தண்ணி இல்ல" ன்னு ஒரே நாள்ல கண்டுபுடிச்சிருப்போம், ஆட்டோமேட்டிக் சத்தமில்லாம ரொப்பிக்கிட்டே இருந்ததுல யாருக்கும் தெரியல.

போர் வாயிலயே மேல ஒரு வால்வு போட்டோம், முந்நூறு ரூவாய்க்குள்ள. டெலிவரிய பழையபடி டேங்க் மேல தூக்கி விட்டோம். இன்வெர்ட்டர் பேட்டரியும் மாத்தியாச்சு. ராத்திரி போட்டோ இப்ப 1.3, 1.4 காட்டுது. மே மாச பில்லு வெயில்ல ஃபேன் ஓடியும் 360.

குரூப்ல வால்வு கெட்டுப்போச்சுன்னு போட்டேன், வீடியோவும் போட்டேன், தம்பி ஏசி மேல விழுந்த பழி போச்சு, அவன் ஒரு வாரமா பேசாம இருந்தவன் அன்னைக்கு போன் பண்ணான். பில்ல ஆறா பிரிக்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

ப்ளம்பர் கெளம்பறப்ப சொன்ன ஒண்ண மட்டும் குரூப்ல போடல. "அண்ணே, ரெண்டு லைன் தனித்தனியா போடுறேன்னுதான் சொன்னேன். நீங்கதான ஏழு லென்த் பைப் மிச்சமாகும், ஒண்ணா சேத்து முடிச்சிரு ன்னீங்க."