மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சு குவார்ட்டரைச் சுற்றி, ஜாஸ் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அரை நாள் மிச்சமிருந்தால் செயின்ட் க்ளாட் அவென்யூவிலேயே நேராகப் போய்க் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டுங்கள். அந்தப் பக்கம் லோயர் நைன்த் வார்டு. 2005 கத்ரீனா புயலில் கால்வாய்ச் சுவர் உடைந்து மூழ்கிய பகுதி. வீடுகள் இருந்த மனைகள் பலவற்றில் இப்போது புல்தான் வளர்ந்து கிடக்கிறது. அந்தச் சாலையிலேயே இருக்கிறது பழைய மெக்டோனா 19 ஆரம்பப் பள்ளி.

1960 நவம்பர் 14 என்றதும் பலருக்கும் ரூபி பிரிட்ஜஸ்தான் நினைவுக்கு வருவார். மத்திய அரசின் காவலர்களான மார்ஷல்கள் சூழ, வெள்ளையினப் பிள்ளைகள் மட்டுமே படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளிக்குள் நடந்த ஆறு வயதுக் கறுப்பினக் குழந்தை. அதே நாளில், அதே மாதிரி இருந்த இந்தப் பள்ளியிலும் மூன்று கறுப்பினச் சிறுமிகள் படியேறினார்கள்: லியோனா டேட், கெயில் எட்டியென், டெஸ்ஸி பிரவோஸ்ட். அவர்களுக்கும் ஆறு வயதுதான். கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் படிக்க வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954லேயே சொல்லியாயிற்று. நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலம் இழுத்தடித்தது, நீதிபதி ஸ்கெல்லி ரைட் விடாமல் உத்தரவு போட்டதால்தான் இவ்வளவாவது நடந்தது. வெளியே கூச்சலிட்ட கூட்டத்தைப் பார்த்து, ஊர்த் திருவிழாவான மார்டி கிரா ஊர்வலம் என்று நினைத்தாராம் லியோனா.

எனக்கு அந்தக் கூட்டத்தைவிட உள்ளே நடந்ததுதான் தாங்கவில்லை. அன்றைக்கே வெள்ளைக்காரப் பெற்றோர் வந்து வந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் அந்தப் படிப்பாண்டில் ஏறக்குறைய முழுக்க, அவ்வளவு பெரிய கட்டடத்தில் மூன்றே மூன்று பிள்ளைகள். வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடாதபடி ஜன்னல்களில் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். மைதானத்துக்குப் போகக் கூடாது. விளையாட்டெல்லாம் மாடிப்படிக்குக் கீழேதான். யாராவது விஷம் வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சாப்பாடு வீட்டிலிருந்தே வந்தது. எல்லோரோடும் சேர்ந்து படிக்கத்தான் சட்டம் அவர்களை அனுப்பியது. சேர்ந்து படிக்க ஒரு பிள்ளையைக்கூட ஊர் விட்டுவைக்கவில்லை. அந்தப் படிக்கட்டுப் பக்கம் நின்றபோது, எதிர்த்துக் கத்தியவர்கள் மேல் வந்த கோபத்தைவிட, சத்தமில்லாமல் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போன பெற்றோர் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

மூன்றாம் வகுப்புக்கு அவர்களை டி.ஜே. செம்ஸ் என்ற இன்னொரு பள்ளிக்கு மாற்றினார்கள். இங்கே காக்க மார்ஷல்களாவது இருந்தார்கள். அங்கே சக பிள்ளைகளே அடித்தார்கள், துப்பினார்கள்.

புயலுக்குப் பிறகு பூட்டிக் கிடந்த கட்டடத்தை மீட்க லியோனா டேட் பல வருடம் அலைந்தார். அவருடைய அறக்கட்டளை முன்னின்று வாங்கிச் சீரமைத்து, 2022ல் டேட், எட்டியென், பிரவோஸ்ட் மையமாகத் திறந்தது. கீழே கண்காட்சி, மேலே முதியோருக்குக் குறைந்த வாடகை வீடுகள். டெஸ்ஸி 2024ல் காலமானார். திறப்பைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. பள்ளிக்குப் போகும் வயதில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். போகும் முன் பார்வை நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.