கச்சான் காற்றும் நெல்லின் ஒளிச்சுவாசமும்

சூடான, வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் கந்தளாய், மூதூர்ப் பக்கத்துச் சிறுபோக வயல்களில் தண்ணீர் நிற்கும்போதே, மத்தியான வெயிலில் நெல்லின் ஒளித்தொகுப்பு தளர்ந்துவிடும். வெளிச்சம் குறைவில்லை. இடறுவது றுபிஸ்கோ என்ற நொதியத்தில்.

ஐந்து காபன் உள்ள றிபுலோசு இருபொசுபேற்றோடு காபனீரொட்சைட்டைச் சேர்ப்பதுதான் அதன் வேலை. அதே இடத்தில் ஒட்சிசனும் வந்து சேரும். வளியில் ஒட்சிசன் 21 சதவீதம், காபனீரொட்சைட்டு 0.04 சதவீதம் சொச்சம். ஒட்சிசன் சேர்ந்தால் இரண்டு காபன் உள்ள பொசுபோகிளைக்கோலேற்று உண்டாகும். காபனைச் சீனியாக்கும் கல்வின் வட்டத்துக்கு அது உதவாது, தேங்கினால் தீங்கு. அதை மீட்க கலத்தின் உள்ளுறுப்புகளான பச்சையவுருமணி, பெரொட்சிசோம், இழைமணி மூன்றும் உழைக்கின்றன. இழைமணியில் இரண்டு கிளைசின் ஒரு செரினாகும்போது ஒரு காபனீரொட்சைட்டும் ஒரு அமோனியாவும் வெளியேறும். நான்கு காபனில் மூன்று திரும்பும், ஒன்று போய்விடும். இதுதான் ஒளிச்சுவாசம். உயர்தரத்துக்குப் படிப்பவர்கள் கவனிக்க: இங்கே கலத்துக்குச் சக்தி தரும் ஏ.ரி.பி. உற்பத்தியாவதில்லை, செலவாகிறது.

25 பாகை செல்சியஸில் ஏறத்தாழ மூன்று நான்கு முறை காபனீரொட்சைட்டைப் பிடித்தால் ஒரு முறை ஒட்சிசனைப் பிடிக்கும். சூடு கூடக் கூட றுபிஸ்கோவுக்கு இரண்டையும் பிரித்தறியும் திறன் குறையும். நீரில் காபனீரொட்சைட்டின் கரைதிறனும் ஒட்சிசனுடையதைவிட வேகமாகக் குறையும். கச்சான் இதற்கு மேலும் ஒன்று செய்கிறது: வறண்ட காற்றில் இலைவாய்கள் ஒடுங்க, இலைக்குள் காபனீரொட்சைட்டு வற்றுகிறது.

சோளன், குரக்கன், கரும்பு போன்ற சி4 தாவரங்களில், ஒட்சிசனைத் தொடாத வேறொரு நொதியம் முதலில் காபனைப் பிடித்து, இலை நரம்பைச் சூழ்ந்த கட்டுமடற் கலங்களில் இருக்கும் றுபிஸ்கோவிடம் செறிவாகக் கொடுக்கிறது. வயற் களைப்புல்லான நெற்சப்பியும் சி4 தான், நெல் அப்படியல்ல. சூடு ஏறும் நாட்களில் அது நெல்லை முந்துவதற்கு இது பெரிய காரணம். ஆகவே சிறுபோகத்தில் களையெடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

வகுப்பில் இதைக் கண்ணால் காட்டலாம். ஐந்து லீற்றர் கண்ணாடிப் போத்தலில் கழுவிய ஆற்றுமணலை ஈரமாக இட்டு, நாலைந்து சோளன் நாற்றும், நெல்லைப் போலவே சி4 அல்லாத பயற்றின் ஒரு நாற்றும் நடுங்கள். பயற்றின் வித்திலை உதிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேமிப்பை வைத்தே அது நாளை ஓட்டும். மூடியை வாஸ்லின் பூசி இறுக்கி, பிரகாசமான எல்.ஈ.டி. விளக்கின் கீழ் இரவும் பகலும் வையுங்கள். சோளன் உள்ளிருக்கும் காபனீரொட்சைட்டை மில்லியனில் பத்துப் பங்குக்கும் கீழே இறக்கிவிடும். பயற்றுக்கு ஐம்பது பங்கு அளவிலேயே வரவும் செலவும் சமன், அதற்குக் கீழே நட்டம்தான். எனவே முதலில் மஞ்சளாவது பயறு.

தோட்டத்து மண் போட்டால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் காபனீரொட்சைட்டை விட்டுக்கொண்டே இருக்கும், முடிவு கெடும். கடற்கரை மணலும் வேண்டாம், உப்பு இரண்டையும் வாட்டும். நேர் வெயிலில் வைத்தால் போத்தலுக்குள் வெந்துவிடும். மூடியில் சிறு ஒழுக்கு இருந்தாலே வெளிவளி புகுந்து பயறு பிழைத்துவிடும்.