பதிப்புரிமைப் பாடத்தைத் திருத்தும் உரிமை

முனைவர் பட்ட ஆய்வாளர்கள் அனைவரும் ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் குறித்த இரண்டு கிரெடிட் தாளைப் படிக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2019 டிசம்பரில் அறிவித்தபோது, அத்தாளின் பதிப்புரிமை தொடர்பான வகுப்புகள் நூலகர் என்ற முறையில் என் பொறுப்புக்கு வந்தன. சொந்தமாகப் பாடம் தயாரிக்க அவகாசமில்லாத நிலையில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இலவசமாக இணையத்தில் வைத்திருந்த ஸ்லைடுகளை அப்படியே எடுத்து நடத்தினேன். ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் என்று அதில் இருந்தது. இந்தியாவில் அது 60 ஆண்டுகள். 1992ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்கு முன் 50 ஆண்டுகளாக இருந்தது. ஓர் ஆய்வு மாணவி எழுந்து இதைக் கேட்ட பிறகுதான், திருத்த முடியுமா என்று பார்க்க அந்த ஸ்லைடுகளின் கடைசிப் பக்கத்தில் இருந்த உரிமத்தை நான் கவனமாகப் படித்தேன். தன் படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று படைப்பாளர் முன்கூட்டியே சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், பிறர் மாற்றி வெளியிடுவதை அனுமதிக்காத என்.டி. வகை அது. எனக்காக மட்டும் திருத்தி வைத்துக்கொள்ளலாம். திருத்தியதை மாணவர்களுக்கோ மற்ற கல்லூரிகளுக்கோ பகிரக் கூடாது.

இயற்பியல் பாடத்திற்கு இப்படிப்பட்ட உரிமம் இருந்தால் இழப்பு அவ்வளவு பெரிதில்லை, ஏனெனில் புவியீர்ப்பு நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. பதிப்புரிமைச் சட்டமோ எல்லைக்கு எல்லை மாறுகிறது. அனுமதியின்றிப் பயன்படுத்துவது நியாயமானதா என்று முடிவுசெய்ய அமெரிக்க ஸ்லைடுகள் கற்பிக்கும் நான்கு அம்சச் சோதனை நமது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்டதன்று. நம்முடையதில் 52ஆம் பிரிவு விதிவிலக்குகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகிறது. புத்தகத்தில் பத்து சதவீதம் வரை நகலெடுக்கலாம் என்று பல பேராசிரியர்கள் இன்றும் உறுதியாகச் சொல்வதுகூட வெளிநாட்டு வழிகாட்டுதல்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மறுமொழியாக நான் வகுப்பில் எடுத்துக்கொள்வது டெல்லி வழக்கு. டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்திற்கு ஏற்பப் பல நூல்களின் பகுதிகளைத் தொகுத்து விற்றதை எதிர்த்து, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிசும் 2012இல் வழக்குத் தொடுத்தன. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2016 செப்டம்பரிலும், இரு நீதிபதிகள் அமர்வு அதே ஆண்டு டிசம்பரிலும் தீர்ப்பளித்தனர். கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை அனுமதிக்கும் 52(1)(ஐ) பிரிவு, வகுப்பறைச் சொற்பொழிவோடு முடிந்துவிடுவதில்லை என்பதும், எத்தனை பக்கம் என்பதைவிடக் கற்பிக்கும் நோக்கத்திற்கு அது தேவையா என்பதே கேள்வி என்பதும் அத்தீர்ப்புகளின் சாரம். நீதிமன்றத் தீர்ப்புகளை மறுபதிப்புச் செய்யவும் இதே 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆகவே உரிமம் எதுவும் தேடாமல் கையில் கொடுக்கக்கூடிய முதல் பாட நூல் அந்தத் தீர்ப்புதான்.

மாற்றி அமைக்க இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரிட்டனில் கிறிஸ் மாரிசனும் ஜேன் செக்கரும் உருவாக்கிய பதிப்புரிமைச் சீட்டு விளையாட்டைச் சொல்வேன். படைப்புகள், பயன்பாடுகள், உரிமங்கள், விதிவிலக்குகள் என்று சீட்டுகள் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு சூழலைக் கொடுத்தால் குழுவினர் விவாதித்துப் பொருத்தமான சீட்டை இறக்க வேண்டும். திறந்த உரிமத்தில் வெளியிட்டதால், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளவர்கள் விதிவிலக்குச் சீட்டுகளை மாற்றித் தங்கள் சட்டத்திற்கு ஏற்ற வடிவங்களை உருவாக்கிக்கொண்டார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பும் தனது சான்றிதழ் படிப்பின் பாடங்களை, பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற பி.ஒய். உரிமத்தில் வைத்திருக்கிறது. படிப்பில் சேரக் கட்டணம் உண்டு, பாடத்தை எடுத்துத் திருத்தக் கட்டணம் இல்லை.

தமிழில் கொண்டுவர முயன்றபோது இன்னொன்றும் தெளிவானது. மொழிபெயர்ப்பையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ஒரு தழுவலாகவே கருதுவதால், என்.டி. உரிமம் உள்ள பாடத்தின் தமிழாக்கத்தை அனுமதியின்றி வெளியிட முடியாது. அனுமதி கிடைத்தாலும் வேலை எளிதன்று. காப்புரிமை என்ற சொல்லை ஒருவர் காப்பிரைட்டுக்கும் மற்றொருவர் கண்டுபிடிப்புகளுக்கான பேடன்ட்டுக்கும் வழங்குவதால், முதல் அரை மணி நேரம் சொல்லைப் பிரிப்பதிலேயே போகிறது. நான் பதிப்புரிமை, காப்புரிமை என்று பிரித்துக்கொண்டேன்.

வணிக நோக்கமற்ற பயன்பாடு என்ற என்.சி. நிபந்தனையைப் பற்றி, கட்டணம் வாங்கும் சுயநிதிக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் அஞ்சுவதைப் பார்க்கிறேன். நிறுவனம் எத்தகையது என்பதன்று, குறிப்பிட்ட பயன்பாடு பணம் ஈட்டுவதை முதன்மை நோக்கமாகக் கொண்டதா என்பதே அங்கு அளவுகோல். உண்மையான தலைவலி கலப்பதில் இருக்கிறது. அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்னும் பி.ஒய்.-எஸ்.ஏ. பாடமான தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையையும், பி.ஒய்.-என்.சி.-எஸ்.ஏ. பாடம் ஒன்றையும் ஒரே தழுவலாக இணைக்க வழியில்லை. நான் தயாரித்த கையேட்டில் அப்படி ஒட்டியிருந்த இரண்டு பக்கங்களைப் பிரித்து எடுத்து, ஒன்றை என் சொற்களில் எழுதி, முழுவதையும் பி.ஒய்.-எஸ்.ஏ. உரிமத்தில் துறையின் தளத்தில் ஏற்றியிருக்கிறேன். திருத்த விரும்புவோருக்காக, பி.டி.எஃப். உடன் மூலக் கோப்பையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.