வெள்ளக்காரத் தாத்தா இங்கிலீஷ்காரர் இல்லையாம்

எங்க அம்மா வழில ஒரு வெள்ளக்காரத் தாத்தா உண்டுன்னு சின்னப் புள்ளைலேர்ந்து கேட்டுருக்கேன். ஆனா அவரு யாருன்னு கேட்டா ஒருத்தர் கலெக்டர்ம்பாங்க, இன்னொருத்தர் எஞ்சினியர் துரைம்பாங்க, பெரிய மாமா மட்டும் "அட போடா, பெரிசா கண்டுட்டாங்க"ன்னு முடிச்சிருவாரு. அம்மாச்சியோட பாட்டிக்கு அப்பா அவரு, தேடிப் பாத்தா அயர்லாந்துக்காரரு. நடுவுல எல்லாமே பொம்பளப் புள்ளைங்க வழி, அதனாலதான் பேரு நிக்கல. சட்டைக்காரங்கன்னு ஊர்ல சொல்ற ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள்ல அப்பா வழியா வெள்ளக்காரப் பேரு இறங்கிக்கிட்டே வரும், அரசியல் சட்டம் 366(2)-லயும் ஆண் வழி மட்டுந்தான் கணக்கு. எங்காளு பொண்ணு ஒரு தமிழ்க் கிறிஸ்தவரக் கட்டிக்கிட்டு வந்தாங்க, அடுத்த தலைமுறைலயே வீட்ல எல்லாரும் ஆரோக்கியசாமி, சூசையம்மான்னு ஆயிட்டாங்க. குடும்பப் பேர இங்க போடல, சித்தி திட்டும்.

தேடலாம்னு உக்காந்தா எல்லாரும் மொதல்ல நேரா வெளிநாட்டுப் பதிவுகளுக்குத்தான் ஓடுவாங்க. அயர்லாந்து விஷயத்துல அது வேலைக்கு ஆகாது. 1922 ஜூன் 30-ஆம் தேதி உள்நாட்டுப் போர்ல டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ்ங்கிற கோர்ட் வளாகத்துல இருந்த ஆவணக் காப்பகம் வெடிச்சு எரிஞ்சு போச்சு, 1821-லேர்ந்து 1851 வரைக்கும் எடுத்த சென்சஸ் பெரும்பாலும் அதுல சாம்பல், 1861-லேர்ந்து 1891 வரைக்கும் எடுத்தத அதுக்கு முன்னாடியே கவர்மெண்டே அழிச்சிருச்சு, முழுசா மிஞ்சினது 1901, 1911 ரெண்டுந்தான். நம்மாளு ஊர விட்டே போனது 1850கள்ல. அப்ப இந்தப் பக்கத்துலேர்ந்துதான் ஒவ்வொரு படியா பின்னாடி போகணும்.

இந்தப் பக்கம்னா நாகப்பட்டினம். 1861-ல நாகைலேர்ந்து தஞ்சாவூருக்கு ரயில் விட்டாங்க, அடுத்த வருஷமே திருச்சி வரைக்கும் நீட்டுனாங்க, அந்த ரயில்வேக்குப் பட்டறை நாகைலதான் இருந்துச்சு. 1928 வாக்குல அத அப்படியே திருச்சி பொன்மலைக்கு மாத்துனப்பதான் எங்க குடும்பமும் கடற்கரைய விட்டு இங்க வந்தது. ஆக துரையும் இல்ல கலெக்டரும் இல்ல, மொதல்ல சிப்பாய், பின்னாடி பட்டறைல ஃபிட்டர். இத நான் சொன்னப்ப பெரிய மாமா முகத்தப் பாக்கணுமே, அவ்வளவு சந்தோஷம்.

அவரு பொண்ணோட ஞானஸ்நானத்த எழுதுன பதிவேடு கோயில்ல இருந்துச்சு. கனமான நோட்டு, ராமபாணப் பூச்சி ஓட்ட போட்டு பக்கத்துக்குப் பக்கம் வழி வச்சிருக்கு, மை பழுப்பாயிருச்சு. எழுத்தெல்லாம் லத்தீன், எழுதுனவரு பிரெஞ்சு சேசு சபை சாமியார், அவரு காதுல எப்படி விழுந்துச்சோ அப்படியே அயர்லாந்துப் பேர எழுதி வச்சிருக்காரு, வாய் விட்டு நாலு தடவ படிச்சாத்தான் இது அந்தப் பேரா இருக்கலாம்னே தோணும். ஆனா அந்த வரில பொக்கிஷம் அப்பா அம்மா பேரு இல்ல, ஞானத்தகப்பன் பேரு, அதாவது ஞானஸ்நானத்துல புள்ளைக்குப் பொறுப்பா நிக்கிறவரு! அவரும் அயர்லாந்துக்காரரு, பேருக்குப் பக்கத்துல பட்டாளத்தையும் குறிச்சிருந்தாங்க. சொந்தபந்தம் இல்லாத ஊர்ல கூட இருந்த சிப்பாயத்தானே ஒருத்தன் புள்ளைக்கு நிக்கச் சொல்லுவான். அந்தாளப் புடிச்சுத்தான் எங்காளோட ரெஜிமெண்ட்டுக்கே வந்தேன். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளமா இருந்து 1862-ல 102-வது ரெஜிமெண்ட் ஆனது, பின்னாடி 1881-ல இன்னொரு ரெஜிமெண்ட்டோட சேந்து ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆச்சு. 1870-ல ரெஜிமெண்ட் கப்பலேறி இங்கிலாந்து போச்சு, இவரு ஏறல.

கம்பெனில ஆள் சேத்தப்ப எழுதுன பதிவேடுங்க லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. ஃபிபிஸ்னு (FIBIS), பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்த குடும்பங்களத் தேடுறவங்களுக்கான ஒரு சங்கம் நிறைய பேர்களத் தேடுற மாதிரி இலவசமா போட்டுருக்காங்க, அங்கேர்ந்து ஆரம்பிங்க. அதுல கிடைச்சது: பிறந்தது அயர்லாந்துல கிளேர் கவுண்டி (நம்மூரு மாவட்டம் மாதிரி), உயரம் அஞ்சடி ஆறு அங்குலம், சாம்பல் கண்ணு, தொழில் கூலி. "கூலியா?"ன்னு சித்தி ரெண்டு நாள் பேசல.

எனக்கு அந்தக் 'கூலி'தான் மனசுல நிக்குது. 1845-ல உருளைக்கிழங்குல நோய் விழுந்தப்ப இவருக்குப் பத்து வயசு இருக்கும். 1852 வரைக்கும் அந்தப் பஞ்சத்துல சுமார் பத்து லட்சம் பேரு செத்தாங்க, இன்னொரு பத்து லட்சம் பேரு ஊர விட்டுப் போனாங்க, அப்பவும் துறைமுகத்துலேர்ந்து ஓட்ஸும் மாடும் ஏத்துமதி ஆயிக்கிட்டுதான் இருந்துச்சு. தப்பிச்சு இங்க வந்தா 1876-லேர்ந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம், மெட்ராஸ் மாகாணமே சுருண்டு கிடக்கு. வாய்க்கால் தண்ணி இருந்ததால தஞ்சாவூர்ப் பக்கம் அடி கம்மி, பஞ்சம் பொழைக்க சனம் இங்க வந்துச்சு. அந்தக் கூட்டத்தப் பாத்து அவரு என்ன நெனச்சிருப்பாரு? வீட்ல யாரும் ஒரு வரி கூட கடத்தி வைக்கல, கலெக்டர்னு பொய் மட்டும் கடத்திருக்காங்க.

கிளேர்ல எந்த ஊருன்னு போனாத்தான் சிக்கல். அயர்லாந்து தேசிய நூலகம் 1880 வரைக்குமான கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகள 2015-லேர்ந்து இலவசமா இணையத்துல விட்டுருக்கு. அதுல ஒரே கோயில் பங்குலயே, ஒரே வருஷத்துல, நம்மாளு பேர்ல ரெண்டு பசங்க. அங்கயும் நம்மூரு மாதிரியேதான், மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேர வைக்கிறது, அதனால அண்ணன் தம்பி வீட்ல எல்லாம் ஒரே பேரா ஓடும். க்ரிஃபித்ஸ் வேல்யுவேஷன்னு 1847-லேர்ந்து 1864 வரைக்கும் யாரு எந்த நெலத்த, வீட்ட வச்சிருந்தாங்கன்னு ஒரு கணக்கு எடுத்தாங்க, அதுல ஒரு அப்பா பேரு இருக்கு, இன்னொருத்தர் இல்ல. இல்லாதவரு வீடுதான் நம்ம வீடுன்னு என் சந்தேகம், நிரூபிக்க முடியல.

இதெல்லாம் சொல்லி முடிச்சதும் சித்தி பையன் கேட்டான், "அப்ப நமக்கு ஐரிஷ் பாஸ்போர்ட் கிடைக்குமாண்ணே?" கிடைக்காதுடா, பாட்டி தாத்தால ஒருத்தராவது அங்க பிறந்திருக்கணும், இல்லன்னா நீ பிறந்தப்பவே அப்பா அம்மால ஒருத்தர் ஐரிஷ் குடியுரிமை வச்சிருக்கணும், அப்பத்தான் பதிய முடியும், இவரு உனக்கு எத்தன படி மேலன்னு எண்ணிப் பாருன்னேன். எண்ண ஆரம்பிச்சான், பாதிலயே போன எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.