சுருட்டுப் பெட்டிக்குள் விழுந்த ஓட்டு

தொகுதி மறுவரையறைப் பேச்சு பாம்பன், தங்கச்சிமடம் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. எல்லையைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிய, 1871க்குப் பிந்தைய ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். எல்லைக்கு வருமுன், அங்கே ஓட்டு எப்படி விழுந்தது என்பதிலிருந்து தொடங்கலாம்.

அங்கே 25 வயது நிரம்பிய ஆண்களுக்கு ஓட்டு இருந்தது. ரகசிய ஓட்டு என்று சட்டமே சொன்னது. ஆனால் வாக்குச்சீட்டை அரசு அச்சடிக்கவில்லை, கட்சிகள் அச்சடித்தன. வெள்ளைத் தாள், வெளியே எந்த அடையாளமும் கூடாது, பெயர் உள்ளே மறையும்படி மடித்து அதிகாரி கையில் கொடுக்க வேண்டும், அவர் பெட்டியில் போடுவார். இவ்வளவுதான் விதி.

ஓட்டை அம்பலப்படுத்த இதுவே போதுமானதாக இருந்தது. தாளின் கனம், வெள்ளையின் சாயல், மடித்த விதம் எல்லாம் கட்சிக்குக் கட்சி மாறும். நம் ஊரில் பூத் சிலிப் கொடுப்பதுபோல் வாசலில் ஆள் நின்று சீட்டைக் கொடுப்பார். யாரிடம் வாங்குகிறான் என்று ஆலை மேஸ்திரி பார்த்துக்கொண்டிருப்பார். பெட்டிக்கும் அளவு கிடையாது. சுருட்டுப் பெட்டியும் சூப் பாத்திரமும்கூட வாக்குப்பெட்டி ஆகின. சின்னப் பெட்டியில் சீட்டுகள் வந்த வரிசையிலேயே அடுக்கி நிற்கும். யார் எப்போது வந்தார் என்று குறித்து வைத்தவருக்கு, சாயங்காலம் எண்ணும்போது ஆளும் ஓட்டும் சேர்ந்தே தெரிந்துவிடும். சீட்டை வைக்க உறையும், ஓட்டுப் போடுபவர் தனியாக நிற்க மறைப்பும் 1903ல்தான் வந்தன. ஏழைத் தொழிலாளிக்கு ஓட்டு வெளியே தெரிவது வேலையே போகிற விஷயம். அதனால்தான் இந்தத் தாமதத்தை மன்னிக்க மனம் வரவில்லை.

ஜெயிக்கப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்குள் மறுசுற்று. முதல் சுற்றில் அடித்துக்கொண்ட கட்சிகள் அதற்குள் கைகோர்த்துவிடும். தொழிலாளர் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சிக்கு எதிராக மற்றவர்கள் ஒன்றுசேர்வது வழக்கம். பெர்லினில் முற்போக்குக் கட்சியின் கோட்டைக்குள் புகுந்து 1877ல் ஆறில் இரண்டு இடங்களைச் சமூக ஜனநாயகக் கட்சியினர் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் மீது தடைச் சட்டம் வந்தது. கூட்டமும் பத்திரிகையும் முடங்கின, ஆனால் வேட்பாளராக நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அரசவைப் பாதிரியார் ஷ்டெக்கர் யூத வெறுப்பைப் பேசி அந்தத் தொழிலாளர்களை இழுக்கப் பார்த்தார். பெர்லின் மசியவில்லை, அவர் ஸீகன் தொகுதி வழியாகத்தான் ரைஷ்டாக் என்ற ஜெர்மன் நாடாளுமன்றத்துக்குப் போனார்.

இனி எல்லைக்கு வருவோம். தொகுதி எல்லைகள் 1860களின் மக்கள்தொகைப்படி, தொகுதிக்குச் சுமார் 1 லட்சம் பேர் என்று போட்டவை. 1871ல் 8 லட்சத்துச் சொச்சமாக இருந்த பெர்லின் 1900ல் 19 லட்சத்தை நெருங்கியும் அதே 6 இடங்கள்தான். 1890ல் சமூக ஜனநாயகக் கட்சிக்கு நாட்டிலேயே அதிக ஓட்டு, கிட்டத்தட்ட 20 சதவீதம். ஹாம்பர்க்கின் 3 இடங்களும் அவர்களுக்கே. ஆனாலும் 397ல் 35தான் கிடைத்தது. அதைவிடக் குறைந்த ஓட்டு வாங்கிய கத்தோலிக்க மையக் கட்சிக்கு 106.

அந்தக் காலத்து முடிவுப் பட்டியலைப் படிப்பவர்கள் முதல் சுற்று ஓட்டையும் மறுசுற்று ஓட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். கட்சியின் சொந்த பலம் முதல் சுற்றில்தான் தெரியும்.