சாகாதவங்க பேயா வர்ற ஹோட்டல்

பேய்க்கதைன்னா ஒரு கணக்கு இருக்குல்ல, யாராவது அல்பாயுசுல போயிருக்கணும், கொலையோ தூக்கோ ஏதோ ஒண்ணு நடந்திருக்கணும், ஆசை அடங்காம அந்த எடத்தையே சுத்திக்கிட்டு இருக்கணும். அமெரிக்காவுல கொலராடோ மலைமேல எஸ்டஸ் பார்க்னு ஒரு ஊரு, அங்க இருக்கிற ஸ்டான்லி ஹோட்டல்ல இந்தக் கணக்கே உதைக்குது.

1909ல திறந்த ஹோட்டல். கட்டுனவரு ஃப்ரீலன் ஸ்டான்லி, கூடப் பொறந்த இரட்டைச் சகோதரரோட சேர்ந்து நீராவி கார் செஞ்சு வித்தவரு. காசநோய்னு 1903ல மலைக்காத்துக்காகப் போனாரு, உடம்பு தேறிடுச்சு, அப்புறம் அங்கயே இவ்ளோ பெரிய ஹோட்டலைக் கட்டிட்டாரு. இப்பவும் ராத்திரில பார் பக்கம் நடமாடுறாராம், மியூசிக் ரூம்ல அவரு சம்சாரம் ஃப்ளோரா பியானோ வாசிக்கிறது கேக்குமாம். ஆனா மனுஷன் 1940ல, தொண்ணூறு தாண்டி, எங்கயோ மாசசூசெட்ஸ்ல போய்ச் சேந்தவரு. இதுல அல்பாயுசு எங்க இருக்கு?

217ஆம் ரூம் கதை இதை விட சூப்பர். 1911 ஜூன்ல கரண்ட் போன ஒரு ராத்திரி, எலிசபெத் வில்சன்னு ஹவுஸ்கீப்பிங் அம்மா மெழுகுவத்தியோட உள்ள போறாங்க, ரூம்ல ஏற்கனவே அசிட்டிலின் கேஸ் கசிஞ்சு நிக்குது. டமால். தரை பேந்து கீழ் மாடிக்கே விழுந்துட்டாங்க. சரி, செத்துட்டாங்கன்னு நினைப்பீங்க. இல்ல! கணுக்கால் ஒடிஞ்சதோட தப்பிச்சாங்க, தேறி வந்து திரும்பவும் அங்கயே வேலை பார்த்தாங்கன்னுதான் ஹோட்டல் கதையே சொல்லுது. அந்தம்மாதான் இப்போ பேயா வந்து கெஸ்ட்டோட துணியெல்லாம் மடிச்சு வெக்கிறாங்களாம், கல்யாணம் ஆகாத ஜோடி படுத்திருந்தா நடுவுல ஜில்லுனு வந்து படுத்துக்கிறாங்களாம். (பேய்க்கு எதுக்கு இந்த கலாச்சாரக் காவல் வேலை?)

நாலாவது மாடில டன்ரேவன் பிரபு வேற. 1870கள்ல அந்தப் பள்ளத்தாக்கையே வேட்டைக்காக வளைச்சுப் போடப் பார்த்த ஆளு, ஹோட்டலுக்கு அஸ்திவாரம் போடறதுக்கு ரொம்ப முன்னாடியே ஊரை விட்டுக் கிளம்பிட்டாரு. இல்லாத ஹோட்டல்ல எப்படி தங்கியிருப்பாரு, செத்தப்புறம் அட்ரஸ் விசாரிச்சு வந்தாரா?

எனக்கு என்ன தோணுதுன்னா, இங்க செத்தவங்க கணக்கை விட பேரு தெரிஞ்சவங்க கணக்குதான் முக்கியம். 1974ல ஒரு பிரபல திகில் நாவலாசிரியர் சீசன் முடியிற நேரத்துல, ஹோட்டலே காலியா கெடக்கறப்ப 217ல தங்கி ஒரு கெட்ட கனவு கண்டாரு, அதுல இருந்து ஒரு நாவலே வந்துச்சு, அப்புறம் அந்த ரூமுக்கு தனி மவுசு. பேய் பார்க்கணும்னே காசு கட்டி வந்து, லைட்டை அணைச்சுட்டு காதைத் தீட்டிக்கிட்டு படுத்தா, ஏழாயிரத்து ஐந்நூறு அடி உயரத்துல நூறு வருஷத்துக்கு மேல ஆன மரக் கட்டடம், குளிர்ல மரம் சுருங்கி சடக் சடக்குனு சத்தம் போடத்தானே செய்யும்? அரைத்தூக்கத்துல அமுக்குவான் வேற அமுக்குனா முடிஞ்சுது, காலையில கதை ரெடி.

இவ்ளோ பேசிட்டாலும் 217 கெடச்சா நான் போவேன். துணி மடிச்சுத் தர்ற பேய யாரு வேணாம்பா? நாலாவது மாடி மட்டும் வேணாம், அங்க ராத்திரியெல்லாம் குழந்தைங்க சிரிச்சுக்கிட்டே ஓடுற சத்தம் கேக்குமாம், உசுரோட இருக்கிற குழந்தைங்க ஓடுனாலே எனக்குத் தூக்கம் வராது.